பாராட்டும் கூலிதான்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் யாருடையது? தருமபுரி மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள், கட்சிக்கொரு பதில் வரும். 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் முடிந்த திட்டம். ‘நாங்கள்தான் கொண்டுவந்தோம்’ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடத்தில் சுமந்த பெண்களைப் பற்றி அந்தச் சண்டையில் ஒரு பேச்சும் இல்லை.

கணினி அறிவியல் மாணவிகளுக்கும் பகுதி ஒன்று தமிழை நான்தான் நடத்துகிறேன். படிப்பு முடித்துப் பெங்களூருக்கு மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வந்து பேசும்போது இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

நள்ளிரவில் சர்வர் விழுகிறது. ஒருவர் விடியவிடிய உட்கார்ந்து சரிசெய்கிறார். மறுநாள் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டல். சோதிக்காமல் அவர் அவசரமாக ஏற்றிய நிரல்தான் சர்வரை விழச் செய்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அதே வாரம் ஒரு பெண் தன் நிரலை மூன்று முறை சோதித்து ஏற்றியிருப்பாள். எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. வராமல் பார்த்துக்கொண்டதற்குக் கைதட்டல் கிடையாது. நம் சமையலறை நியாயம்தான் இது. உப்புக் குறைந்தால்தான் சமைத்தவள் நினைவுக்கு வருவாள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். பீரங்கிக் குண்டின் பாதையை அது நொடிகளில் கணித்ததைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். அந்தக் கணிப்புக்கான நிரலை எழுதியவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரு பெண்கள். எனியாக்கின் முதல் நிரலாளர்கள் ஆறு பேருமே பெண்கள்தான். அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. அவர்களுக்கு முறையான கௌரவம் கிடைக்க 1997 ஆனது.

‘பாராட்டுக்காகவா வேலை செய்கிறோம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் பாராட்டு வெறும் வாய்வார்த்தையல்ல. கூட்டத்தில் சொல்லப்பட்ட பெயர்தான் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போகிறது. மதிப்பீடு சம்பள உயர்வாகிறது. உயர்ந்தவருக்கே அடுத்த பெரிய பணியும் போகிறது. ஆகவே ஒருவருடைய பாராட்டை இன்னொருவர் வாங்கிக்கொண்டால், அது கூலித் திருட்டு. ‘இது குழுவின் வெற்றி’ என்று சமாளித்தால், சம்பள உயர்வையும் குழுவுக்கே பங்கிடுங்கள் என்று கேட்க வேண்டும்.

தகுதியில்லாப் பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும் ஆண் நல்லவராகவும் இருக்கலாம். ‘இதை அவர் செய்தார்’ என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை அவர் செலவழிக்காதவரை அவருடைய நல்ல குணத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

அடக்கம் பெண்ணுக்கு அழகு என்று சொல்லிக்கொடுத்தவர்கள், நம் உழைப்புக்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். மாணவிகளே, செய்த வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். கூட்டக் குறிப்பெடுக்கும் வேலை உங்களிடமே வந்தால், அடுத்த முறை வேறொருவர் எடுக்கட்டும் என்று சொல்லுங்கள். பக்கத்து இருக்கைக்காரியின் வேலை வேறு பெயரில் போகும்போது அவளுக்காகவும் வாய் திறவுங்கள். தன் பெயரைத் தானே சொல்பவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். இன்னொருத்தி சேர்ந்து சொன்னால் அது சாட்சி.