எழுதுவதற்கு ஒரு கணினி: எடையிலிருந்து தொடங்குவோம்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, எந்த மடிக்கணினி வாங்கலாம்?" கேட்கும்போதே அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். செயலியின் தலைமுறை, ராம் நினைவகத்தின் அளவு, தனி கிராபிக்ஸ் அட்டை என்று நீளும் அந்தப் பட்டியலில் எடை மட்டும் இருக்காது. மொழி, இலக்கியம், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் அந்தப் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் எடை, அடுத்து விசைப்பலகை, பிறகு பேட்டரியும் திரையும். செயலியின் வேகம் கடைசியில் வந்தால் போதும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆய்வில் சேர்ந்த ஆண்டில், தில்லியில் ஒரு கடைக்காரரின் பேச்சை நம்பி 15.6 அங்குலத் திரை கொண்ட கணினி ஒன்றை வாங்கினேன். அதன் எடை 2.4 கிலோ, சார்ஜரையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 கிலோ. விடுதியிலிருந்து பேருந்து, பிறகு மெட்ரோ, பிறகு நடை என்று ஜன்பத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அதை முதல் மாதம் சுமந்தேன். இரண்டாம் மாதம் தோள் வலித்தது. மூன்றாம் மாதம் கணினியை விடுதி மேசையிலேயே விட்டுவிட்டுக் குறிப்பேட்டுடன் போகத் தொடங்கினேன். பகலில் கையால் எழுதுவதை இரவில் தட்டச்சு செய்துவிடலாம் என்பது எண்ணம். பெரும்பாலான இரவுகளில் அது நடக்கவில்லை. ஓராண்டு கழித்து இயலை எழுத உட்கார்ந்தபோது, கோப்பு எண் குறிக்கப்படாத மேற்கோள்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றுக்காக மீண்டும் காப்பகத்தில் செலவிட்ட மூன்று வாரங்களை அந்தக் கணினியின் விலையோடு சேர்த்தே இன்று கணக்கிடுகிறேன்.

எழுத்துக்கு வேகம் முதன்மையன்று என்பதற்குக் கணினியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 கையில் எடுத்துச் செல்லும் கணினி என்றே விற்கப்பட்டது. அதன் எடையோ ஏறத்தாழ 11 கிலோ. இரண்டே ஆண்டுகளில், 1983இல், டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. எடை சுமார் 1.4 கிலோ. திரையில் எட்டு வரிகள், வரிக்கு நாற்பது எழுத்துகள், அவ்வளவுதான். ஆனால் கடையில் கிடைக்கும் நான்கு சாதாரண பேட்டரிகளில் அது ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடியது. விசைப்பலகையும் நன்றாக இருந்தது. அமெரிக்கச் செய்தியாளர்கள் அதைக் களத்துக்கு எடுத்துச் சென்று, அங்கேயே செய்தியை எழுதி, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். எழுத்து நடக்கும் இடத்துக்கு அது வந்தது என்பதே அதன் வெற்றி.

எடைக்கு அடுத்து விசைப்பலகையைச் சொல்வதற்குத் தமிழில் எழுதுவோருக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் உடன் வருகிறது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். நாள் முழுதும் ஒரே விசையை இரட்டித்துத் தட்டுகிற விரல்களுக்கு, ஆழமாக அழுந்தி மீளும் விசைகள் பெரிய துணை. ஆகவே கடையில் ஒரு பத்தியையாவது தமிழில் தட்டிப் பார்க்காமல் எந்தக் கணினியையும் வாங்காதீர்கள்.

பேட்டரிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு 50 வாட்-மணி என்றும், எழுதும்போது கணினி 6 வாட் இழுக்கிறது என்றும் கொள்வோம். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். காப்பகத்தில் மின்செருகி உள்ள மேசைக்காக அதிகாலையில் போய் இடம்பிடிக்க வேண்டிய தேவையிலிருந்து இந்தக் கணக்கு உங்களை விடுவிக்கும். திரையைப் பொறுத்தவரை, 16:9 விகிதத்தைவிட 16:10 விகிதத் திரையில் கூடுதலான வரிகள் தெரியும். எழுதுபவருக்கு அகலத்தைவிட உயரமே பயன்.

"இலகுவான கணினி விலை அதிகமாயிற்றே" என்ற மறுப்பு நியாயமானது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அது 8,000 ரூபாய் மட்டுமே. இவர்களுக்கு என் பரிந்துரை, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த வணிகவகைக் கணினிகள். திங்க்பேட் எக்ஸ், லேட்டிட்யூட் 7000, எலைட்புக் 800 ஆகிய வரிசைகளில் 12, 13 அங்குலக் கணினிகள் பல 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் இருப்பவை. தில்லியில் நேரு பிளேஸ் போன்ற சந்தைகளில் இவை கிடைக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக இயங்க, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். லினக்ஸ் போடுவோர்க்கு இந்தக் கவலை இல்லை. அடுத்து, பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, தொடக்கக் கொள்ளளவில் இப்போது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, மெல்லிய கணினிகள் பலவற்றில் ராம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. எழுத்துக்கு 8 ஜிபி போதும். ஒரே நேரத்தில் பல பிடிஎஃப்களைத் திறந்து வைப்பவர் 16 பார்க்கலாம்.

வரைபட ஆய்வு, காணொளித் தொகுப்பு, பெருந்தரவு ஆகியவற்றில் உழைப்போருக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்களுக்கு வேகம் தேவை. பெரிய திரை வேண்டும் என்போர் அறையில் தனித்திரை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அதைச் சுமக்க வேண்டியதில்லை. வெளியே எடுத்துச் செல்லும் கணினி விழும், திருடு போகும். எனவே ஆய்வேட்டின் ஒரு படி வெளி வன்வட்டிலும் இன்னொன்று இணையச் சேமிப்பிலும் எப்போதும் இருக்கட்டும்.

துறைத்தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் துறைகளில் கருவி வாங்குவதை ஆய்வுச் செலவு என்கிறோம். மானுடவியல் புலங்களில் கணினியை மாணவரின் சொந்தப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம். இலகுவான கணினிகள் பத்தை வாங்கி, நூல்களைப் போலவே களப்பணிக் காலத்துக்கு இரவல் கொடுக்க ஒரு துறையால் முடியும். மாதம் 8,000 ரூபாயில் வாழ்கிற மாணவருக்கு அது எந்தக் கருத்தரங்கைவிடவும் பெரிய உதவி.

வாங்கப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விரும்பிய கணினியின் எடையைச் சார்ஜருடன் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எடைக்குப் புத்தகங்களைப் பையில் போட்டு, வழக்கமாகப் போகும் நூலகத்துக்கு ஒரு வாரம் சுமந்து போய் வாருங்கள். ஐந்தாம் நாளும் பையை அறையில் விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லை என்றால், தயங்காமல் வாங்குங்கள்.