சிகிச்சைக்கு நிதி எங்கே?

2024 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 36ஆவது முன்மொழிவை ஆதரித்தனர். 950 டாலருக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கிய 2014ஆம் ஆண்டுச் சட்டம் இதனால் தளர்ந்தது. திருட்டுக்காக இருமுறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் திருடினால், பொருளின் மதிப்பு எதுவானாலும், பெருங்குற்ற வழக்குத் தொடரலாம்.

கடைக்காரர்களின் ஆத்திரம் நியாயமானதே. ஆனால் இந்த மாநிலம் தண்டனைகளைக் குறைத்தது எதனால்? ஏறக்குறைய 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் இரு மடங்கு பேரை அடைத்தது. உடற்பயிற்சிக் கூடங்களில்கூட அடுக்குக் கட்டில் போட்டது. உரிய சிகிச்சை கிடைக்காமல் கைதிகள் செத்தார்கள். கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் எண்ணிக்கையைக் குறைக்கும் உத்தரவை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் பிறகே கூட்டம் குறைந்தது.

போதைப்பொருளோடு மீண்டும் மீண்டும் பிடிபடுவோர் சிகிச்சையை முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும் என்கிறது புதிய சட்டம். நல்ல ஏற்பாடு. அதற்கென நிதி எதையும் அது ஒதுக்கவில்லை என்பதுதான் கொடுமை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் சிறைச் செலவில் மிச்சமானதை மனநல, போதை சிகிச்சைக்குத் திருப்பிவிட்டது. கைதிகள் கூடினால் அந்தப் பணமும் வற்றும். ஆளுநரும் சட்டமன்றமும் சிகிச்சைக்கு ஆண்டுதோறும் நிரந்தர நிதி ஒதுக்கியே ஆகவேண்டும்.