கம்பியில்லாத் தந்தியும் தலையெழுத்தும்

கைப்பேசி எப்படிப் பேசுகிறது என்று கேட்டால், "அதெல்லாம் வெள்ளைக்காரன் மூளை; நம் தலையில் எழுதியது பூட்டுகிற வேலைதான்" என்கிறார்கள் சிலர். வேறு சிலரோ, "இதெல்லாம் நம் ரிஷிகளுக்கு அன்றே தெரியும்" என்கிறார்கள். முன்னது அடிமைப் புத்தி. பின்னது சோம்பேறிப் புத்தி. இரண்டும் பொய் என்பதற்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையே போதுமான சாக்ஷியாகும்.

1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். சிறுவயதிலேயே கப்பற்படைக்குப் போனவர். கப்பற்படை அவரை டில்லி ஐ.ஐ.டி.க்குப் படிக்க அனுப்பிற்று. 1971 யுத்தத்தில் நமது குக்ரி கப்பலை ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்குள் வரும் எதிரியை ஒலியால் கண்டறிகிற சோனார் கருவியைத் திருத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. இவர் கடல் தேவதைக்குப் பூஜை போடவில்லை, கணக்குப் போட்டார்.

அதே கணக்கை 1990-களில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆகாய அலைகளின்மேல் வைத்துப் பார்த்தார். சுவரிலும் கட்டடத்திலும் மோதிச் சிதறும் அலைகளை நிபுணர்கள் தொல்லை என்றே கருதி வந்தனர். அந்தச் சிதறலையே வேலை வாங்கலாம் என்றார் இவர். அனுப்புகிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் பல ஆண்டெனாக்கள், அதாவது ஏரியல்கள் வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பல செய்திகளை அனுப்பலாம். அவை கலந்துதான் வந்து சேரும். ஆனால் ஒவ்வொரு ஏரியலிலும் வேறு வேறு அளவில் கலந்திருக்கும். தெரியாத இரண்டு எண்களை இரண்டு சமன்பாடுகளால் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடக் கணக்கைப் போலவே அவற்றைப் பிரித்துவிடலாம்.

பலர் நம்பவில்லை. நம்பாதது குற்றமல்ல. விஞ்ஞானத்தில் யார் சொன்னாலும் சந்தேகிக்கலாம். செய்து காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டும். வேதம், ஆகமம் என்று வாயை அடைக்க அங்கு இடமில்லை. 1994-ல் பால்ராஜுக்கும் தாமஸ் கைலாத்துக்கும் பேடண்ட் உரிமை கிடைத்தது. 2014-ல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசும் வந்தது. இன்று வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் அந்த முறை இருக்கிறது.

இதில் வாலாஜாபாத்தாருக்கு என்ன? விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற நம் பிள்ளைகள் உழைப்பில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்களே, அவர்களை யார் கேட்டார்கள்? பூட்டுகிற கை மட்டும் நம்முடையதாகவும், யோசிக்கிற மூளையும் முதலும் அயலாருடையதாகவும் இருக்கும்வரை, கதவைச் சாத்துகிற அதிகாரமும் அயலாருடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே பெற்றோர்களே! ஜாதகத்துக்குக் கொடுக்கிற பணத்தைக் கணக்குப் புத்தகத்துக்குக் கொடுங்கள். "ஏன்?" என்று கேட்கிற பெண்ணை "உனக்கெதற்கு?" என்று அடக்காதீர்கள். பால்ராஜுக்குக் கிடைத்தது தலையெழுத்தல்ல, படிக்கச் சந்தர்ப்பம். அதை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உண்டாக்க எந்தத் தெய்வமும் வரப்போவதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.