முப்பதாயிரம் விமானிகளும் ஒரு மதுரை கம்பெனியும்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் திரு. ராம் மோகன் நாயுடு அவர்களுக்கு,

அடுத்த 15, 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவை என்று நீங்கள் சொன்னது மதுரைப் பசுமலை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் திருமங்கலம் பக்கத்து நிலத்தை விற்க விலை விசாரிக்கிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கே அரைக் கோடி ஆகிறது. ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட அந்த வகைக்கான 'டைப் ரேட்டிங்' தனி, அதற்கும் லட்சங்கள்.

மதுரைக்காரர்களுக்கு பாரமவுண்ட் ஏர்வேஸ் மறந்திருக்காது. எங்கள் ஊர் ஜவுளிக் குடும்பம் 2005இல் தொடங்கியது. பிரேசிலின் எம்பிரேயர் விமானங்கள். அத்தனை இருக்கையும் பிசினஸ் கிளாஸ். மில் முதலாளி பிளேன் விடுகிறார் என்று ஊரே பெருமைப்பட்டது, ஏறிப் போனவர்கள் குறைவுதான் என்றாலும். 2010இல் நின்றுபோனது. அந்த எம்பிரேயரை ஓட்டிய வேறு விமான கம்பெனி அப்போது இந்தியாவில் இல்லை. அதன் விமானிகளுக்குக் கையில் ரேட்டிங் இருந்தும், வேறு விமானத்துக்கு மறுபடி பயிற்சி எடுக்காமல் இங்கே வேலையில்லை. 2023இல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் விமானிகள் ஏர்பஸ் 320 ஓட்டியவர்கள். இண்டிகோவுக்கும் ஏர் இந்தியாவுக்கும் போக வழியிருந்தது. ஒரே தொழில், கம்பெனி நின்றதும் ஒரே மாதிரி. ஓட்டிய விமானம்தான் வேறு.

வைகாசி முகூர்த்தத்தில் மல்லி விற்கிற விலையைப் பார்த்துப் புதிதாகப் பதியன் போடுகிறவர் கதைதான் விமானப் பயிற்சியும். 2006, 2007இல் புதுக் கம்பெனிகள் வெளிநாட்டுக் கேப்டன்களை அழைத்து வந்த காலத்தில் சேர்ந்த பிள்ளைகள் உரிமத்தோடு வெளியே வந்தபோது 2008இன் மந்தம் காத்திருந்தது. பிறகு 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019இல் ஜெட் ஏர்வேஸ், அடுத்த ஆண்டே கொரோனா.

2025 டிசம்பரில் விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. 'விமானிகளே இல்லை' என்று டிவியில் பேசினார்கள். பற்றாக்குறை கேப்டன்களுக்குத்தான்; துணை விமானிகள் போதிய அளவு இருந்தார்கள். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கிய பிள்ளை கேப்டனாக 1,500 மணி நேரமாவது வேண்டும். வேலை கிடைத்தால்தானே அந்த மணி நேரம் சேரும்? உங்கள் 30,000இல் இந்த இரண்டு வரிசையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

2023இல் 1,600க்கும் மேற்பட்ட வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலையில் சேர்ந்தார்கள், எந்த வகை விமானத்தில் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். கணக்கு உங்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கைக்கு எட்டாததல்ல.

இன்னொன்று. 2017 விதிப்படி கேப்டன் வேலையை விட ஓராண்டு முன்பே சொல்ல வேண்டும். துணை விமானி ஆறு மாதம். கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2 அன்று அறிவித்து மறுநாளே பறப்பதை நிறுத்தியது. விமானிக்கு ஓராண்டு என்றால் கம்பெனிக்கு ஒரு ராத்திரியா? பறக்க அனுமதி கேட்டு வருகிற கம்பெனி, விமானிகளின் ஆறு மாதச் சம்பளத்தை முதலிலேயே வங்கியில் கட்டி வைக்கட்டும். அந்த விதியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
பசுமலைவாசி ஒருவர், மதுரை