உழவு இயந்திரத்துக்கு எதற்கு ஓய்வு?

சென்ற மாதம் கண்டியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தேன். புல்தரையில் ஒரு பழைய மெஸி பேர்குசன் 135 நின்றது. செந்நிறம் பளபளத்தது; டயர்களில் ஒரு பொட்டு மண் இல்லை. "ஒரு போல்ட்கூட அசலுக்கு மாறாமல் திருத்தியிருக்கிறேன்" என்றார். ஓடுமா என்று கேட்டேன். "ஓடும். ஆனால் ஓட்டுவதில்லை" என்றார், பெருமையோடு.

அந்தப் பெருமையோடுதான் எனக்கு வழக்கு.

தெல்தோட்டைப் பக்கத்தில் கொழுந்து ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டிருந்த இயந்திரம் அது என்று அவரே சொன்னார். பறித்த கொழுந்து சாக்கில் அடைந்து காத்திருந்தால் சூடேறிச் சிவந்துவிடும், தரம் போய்விடும். அரை ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு, வேளைக்கு வந்து நிற்கும் வாகனம் சாப்பாட்டு விடயம், அலங்காரம் அன்று.

கிராமத்துக் கராஜில் கடைந்து பொருத்திய ஊசியையும், ஒட்டவைத்த கொளுக்கியையும் 'அசல் அல்ல' என்று நண்பர் கழற்றி எறிந்துவிட்டாராம். அந்த ஒட்டுகளும் இயந்திரத்தின் வரலாறுதானே! 1964இல் வெளிவந்த வடிவம் இன்றும் ஓடுகிறதென்றால், எளிமையான பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒரு காரணம். அதைத் திருத்தித் திருத்தி ஓடவைத்த கைகள் மறு காரணம். 2022இல் இரண்டே மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, புதியது வாங்க வழியற்றவர்களுக்குக் கைகொடுத்தவை அந்தக் கைகளே. ஓடாத எஞ்சினில் எந்தப் பையனும் தொழில் பழக முடியாது.

'அப்படியானால் பழமையைப் பேணவே கூடாதா?' என்று அன்பர்கள் கேட்கலாம். தாராளமாகப் பேணலாம். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை, 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும், பழைய கொழுந்து உருட்டும் இயந்திரங்களும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்காக இன்று யாருடைய கொழுந்தும் தெருவோரத்தில் காத்திருக்கவில்லை. வேலை முடிந்தவற்றுக்கு நூதனசாலை. அதில் எனக்கு மறுப்பில்லை. வேலை செய்ய வல்லதை வாங்கிப் பூட்டி வைப்பது பாதுகாப்பு அன்று, பறிப்பு.

வர்ணம் பூசுங்கள், பிரேக்கைச் சீர் செய்யுங்கள், மலைப்பாதையில் அது உயிர் காக்கும். அதன்பின் கொழுந்து மிகுந்த காலத்திலாவது வாடகைக்கு விடுங்கள் என்றேன்.

நண்பர் சிரித்துவிட்டுத் தேநீர் தந்தார். இந்தத் தேயிலை தொழிற்சாலைக்கு எதில் வந்திருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.