நாலு மீட்டர் டேப்பும் நம்ம வீட்டு டிக்கியும்

போன மாதம் கொண்டாப்பூர் பக்கம் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தோம். தங்கமணி, ரெண்டு வானரங்கள், நான். வாங்குகிறேனோ இல்லையோ, ஷோரூம் ஏசியில் உட்கார்ந்து காபி குடிப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். விற்பனைத் தம்பி நல்ல உற்சாகமான ஆள். வந்ததும் வராததுமாக ஒரு பட்டனை அமுக்கினார். கூரை திறந்தது. "சார், சன்ரூஃப் சூடண்டி!"

'சூடண்டி' என்றால் தெலுங்கில் 'பாருங்கள்'. மே மாத ஹைதராபாத்தில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தவனுக்குத் தமிழ் அர்த்தம்தான் பொருந்தும் :-)

"அது இருக்கட்டும் தம்பி, டிக்கியைத் திறங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. திறந்து பார்த்ததும் என் முகமும் வாடியது.

டிக்கியைப் பற்றி எதற்கு இவ்வளவு அலட்டல் என்று உள்ளூர்க்காரர் கேட்கலாம். ஊரை விட்டு வந்தவர் கேட்க மாட்டார். பொங்கலுக்கு சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காத குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, பந்தங்கி டோல்கேட்டில் சங்கராந்திக் கூட்டத்தோடு ஊர்ந்து, நார்க்கட்பல்லியில் திரும்பி, அத்தங்கி, ஒங்கோல், நெல்லூர் வழியாகச் சென்னை. சுமார் 630 கிலோமீட்டர். போகும்போது ஆவக்காய் ஜாடி, பிஸ்கட் டப்பாக்கள். வரும்போது இட்லி அரிசி மூட்டை, காபிப் பொடி, அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்குத் தூக்கு. நாலு பேர் துணிமணி தனி. டிக்கி நிறைந்ததும் மிச்சமெல்லாம் பின் சீட்டுக்கு வரும். ரெண்டு வருஷம் முன்னால் அத்தங்கிக்கு இந்தப் பக்கம் எருமை ஒன்று குறுக்கே வர, பிரேக்கில் ஏறி நின்றேன். பின் சீட்டுக்கு மேலே வைத்திருந்த எவர்சில்வர் தூக்கு பறந்து வந்து பெரியவள் தோளில் இடித்தது. வீக்கத்தோடு போயிற்று. தலையில் பட்டிருந்தால்? குழந்தைகளுக்கு பெல்ட் போட்டிருந்தோம். தூக்குக்கு யார் பெல்ட் போடுவது? அன்றிலிருந்து டிக்கி எனக்கு வசதி சமாச்சாரம் இல்லை, பாதுகாப்பு சமாச்சாரம்.

சரி, நம்ம டிக்கி ஏன் இப்படிச் சூம்பிப் போனது? பழியைக் கார் டிசைனர் மேல் போடாதீர்கள். அந்த டிக்கியை வெட்டியது டெல்லியில் போட்ட ஒரு பட்ஜெட். போட்டவர் நம்ம சிவகங்கைச் சீமைக்காரர்.

2006 பிப்ரவரி 28. நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4,000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டக் கூடாது. சின்னக் கார் தயாரிப்புக்கு இந்தியாவை ஒரு மையமாக்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். 2010ல் மறைமலைநகரிலிருந்து ஃபிகோவும் ஓரகடத்திலிருந்து மைக்ராவும் வந்தன. நம்ம ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது. அதை மறுக்கவில்லை.

ஆனால் டேப்பை எடுத்து நீளத்தை அளந்தால் வியாபாரி என்ன செய்வான்? வெட்டுவான். எஞ்சினை வெட்ட முடியாது, சீட்டை வெட்ட முடியாது. மிச்சம் டிக்கிதான்.

முதல் கத்திரி டாடாவுடையது. இண்டிகோவின் வாலை நறுக்கி 2008ல் இண்டிகோ சிஎஸ் வந்தது. அதே வருஷம் வந்த மாருதி டிசையர் 4,160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012ல் வந்த அடுத்த டிசையர் 3,995 மி.மீ., டிக்கி 316 லிட்டர். பதினாறரை சென்டிமீட்டரில் 124 லிட்டர் காலி! மஹிந்திரா சைலோவை வெட்டிக் குவான்டோ என்று கொண்டு வந்தார்கள். 2016ல் ஃபோக்ஸ்வாகன்கூட இந்தியாவுக்கென்றே அமியோ என்று ஒரு வால் குட்டைக் காரைச் செய்தது. ஜெர்மன்காரனையே கத்திரியைத் தூக்க வைத்துவிட்டது நம்ம டேப்பு.

பிறகு 2013ல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தது. நாலு மீட்டருக்குள் எஸ்யுவி மாதிரி ஒரு உருவம். ஜனங்கள் மயங்கிவிட்டார்கள். பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட் என்று வரிசை கட்டியது. வழி காட்டிய ஃபோர்டு 2021ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது வேறு சோகக் கதை.

இருபது வருஷத்தில் டேப்பு தேய்ந்திருக்கும் என்று நினைத்தால், இன்னும் இறுகியிருக்கிறது. முந்தைய ஜிஎஸ்டியில் நாலு மீட்டர் பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு 29 சதவீதம், அதைத் தாண்டிய நடுத்தரக் காருக்கு 45. இடைவெளி 16. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், 40 சதவீதம். ரெண்டுமே குறைந்தது, எல்லோரும் கைதட்டினோம். ஆனால் இடைவெளி 22 ஆகிவிட்டது. வரிக்கு முன் எட்டு லட்சம் ரூபாய் என்று ஒரு காரை வைத்துக்கொள்ளுங்கள். 1,200 சிசி எஞ்சினோடு நாலு மீட்டருக்குள் இருந்தால் 9,44,000. ஒரு சென்டிமீட்டர் கூடினால் 11,20,000. அந்த ஒரு சென்டிமீட்டரின் விலை 1,76,000 ரூபாய். தங்கத்தைக்கூட இந்த ரேட்டில் யாரும் நீளத்தில் அளந்து விற்பதில்லை.

"அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் மயிலாப்பூர் சந்திலும் குட்டைக் கார்தானே வசதி?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் குட்டைக் காரில் இடமே இருக்காது என்று யார் சொன்னது? ஜப்பானின் கெய் கார்களுக்கு நீளம் 3.4 மீட்டர்தான் அனுமதி. அவர்கள் காரைப் பெட்டி மாதிரி உயர்த்திக் குடும்பத்தையே உள்ளே உட்கார வைக்கிறார்கள். இங்கேயும் உதாரணம் இருக்கிறது. வேகன் ஆர் 3,655 மி.மீ., டிக்கி 341 லிட்டர். அதே மாருதியின் பிரெஸ்ஸா 3,995 மி.மீ., டிக்கி 328 லிட்டர். 34 சென்டிமீட்டர் நீளம் கூட, 13 லிட்டர் குறைவு! அந்த நீளமெல்லாம் எங்கே போனது? கால் வைக்க இடம் கொஞ்சம், பெரிய எஞ்சின் கொஞ்சம், மிச்சம் மிடுக்கான மூஞ்சிக்கு. மிடுக்கைக் கேட்டது நாம்தான். ஆகவே அரசாங்கம் பாதிக் குற்றவாளி என்றால் மீதிப் பாதி நாம்.

இன்னொரு கொடுமை ட்ரைபர். நாலு மீட்டருக்குள் ஏழு சீட். மூன்றாவது வரிசையைக் கழற்றினால் 625 லிட்டர், அருமையான யோசனை. ஏழு பேரும் உட்கார்ந்தால் 84 லிட்டர். ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொண்டு போகலாம். அந்தக் கடைசி சீட்டில் குழந்தையின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கையை வைத்துப் பாருங்கள்.

இடம் மட்டும் இருந்தாலும் போதாது. மேலே புகழ்ந்த வேகன் ஆர் 2023ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் வாங்கியது ஒரே ஒரு ஸ்டார். 2024ல் வந்த புது டிசையர் அதே சோதனையில் ஐந்து ஸ்டார், டிக்கியும் 382 லிட்டர். ஆக, நாலு மீட்டருக்குள் ரெண்டும் முடியும். மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரக் காருக்கு இந்தத் டேப்பே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? எவ்வளவு நீளமானாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2024ல் வந்த எம்ஜி வின்ட்ஸரைப் பாருங்கள். 4,295 மி.மீ., டிக்கி 604 லிட்டர். வால் வெட்ட வேண்டிய பயம் இல்லாதபோது கார் எப்படி விரிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. தெலங்கானா அரசும் 2024 நவம்பரில் மின்சாரக் கார்களுக்கு 2026 கடைசி வரை சாலை வரி விலக்கு கொடுத்தது. ஆனால் 630 கிலோமீட்டரில் சார்ஜுக்கு எங்கே நிற்பது, பண்டிகைக் கூட்டத்தில் எத்தனாவது ஆளாக நிற்பது என்ற கணக்கு எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

என் கட்சி இதுதான். வரி போட வேண்டுமென்றால் புகையை அளந்து போடுங்கள், எடையை அளந்து போடுங்கள், விலையைப் பார்த்துக்கூடப் போடுங்கள். நீளத்தை அளக்காதீர்கள். நீளத்தை அளந்தால் முதலில் வெட்டுப்படுவது ஊருக்குப் போகிறவன் மூட்டை வைக்கும் இடம்.

அதுவரை நாம் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. ஷோரூமுக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் ரெண்டு பெரிய பெட்டிகளைக் கையோடு கொண்டு போங்கள். லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். செடான் டிக்கிக் கதவின் வளைந்த கம்பிகள் மூடும்போது உள்ளே இறங்கி இடத்தைத் தின்னும், சக்கர வளைவு ஒரு பங்கு தின்னும். பெட்டியை வைத்து, கதவை மூடிப் பாருங்கள்.

நாங்கள் அடுத்த வாரமே அப்படிப் போனோம். பெட்டியோடு வந்த எங்களைப் பார்த்து அந்தத் தம்பி, ஊருக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ரெண்டாவது பெட்டி உள்ளே போகவில்லை. அவரே தள்ளிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "சார், மா அம்மா கூட ஊரிலேதான் உந்தி... அரிசி மூட்டை எக்கட பெட்டாலி?" என்றார்.

அதைத்தான் தம்பி, நானும் கேட்கிறேன்.

டிஸ்கி: சன்ரூஃபே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னவன் தலையை வெளியே நீட்டிக் கொண்டு போகலாம் என்று கனவு காண்கிறான். அதற்காகவே வேண்டாம்!