படம் புடிச்சீங்களே, காட்டினீங்களா?

ரொம்ப நாளா மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டிருந்த விஷயம். எழுதினா நம்ம கேமரா நண்பர்கள் சிலருக்குக் கோவம் வரும். வரட்டும், பரவால்ல. நானும் அஞ்சு நாள் பொட்டி தட்டிட்டு, சனி ஞாயிறு ஆனா கேமரா பையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தற கோஷ்டிதான். அதனால யாரோ வெளியாள் வந்து திட்டறான்னு எடுத்துக்க வேணாம். உள்குத்தும் எதுவும் இல்ல, எல்லாம் வெளிக்குத்துதான்.

தெரியாத மனுஷங்களைக் கேக்காம படம் புடிக்கறது. புடிச்ச படத்தை அவங்களுக்குக் காட்டாமலே ஊருக்கெல்லாம் காட்டறது. அதுக்குக் கலைன்னு பேர் வெக்கிறது. இந்த மூணும் சேர்ந்தா அதுக்குத் திருட்டுன்னு பேர். இதைவிட நாகரிகமா ஒரு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கல.

நம்மாளுங்க ஆல்பத்தைத் திறந்து பாருங்க. முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு கிழவி, கருப்பு வெள்ளைல, கான்ட்ராஸ்டை ஏகத்துக்கும் தூக்கி வெச்சு. மூக்கு ஒழுகற ஒரு குழந்தை. பீடி குடிக்கிற ரிக்‌ஷாக்காரர். தலைப்பு 'காத்திருப்பு', 'நம்பிக்கை', 'வாழ்க்கை'. அந்தக் கிழவி எதுக்குக் காத்திருந்தாங்கன்னு இவருக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கா இருக்கும். ரேஷன் கடை தொறக்கறதுக்கா இருக்கும். இவர் எப்படா எடத்தைக் காலி பண்ணுவார்னு காத்திருந்தாலும் ஆச்சரியமில்ல :-)

டெக் பார்க் வாசல்ல தம் அடிச்சுக்கிட்டு நிக்கற டேமேஜர் மூஞ்சிலயும்தான் சுருக்கம் இருக்கு. அப்ரைசல் மாசத்துல பார்த்தா அதுல இல்லாத சோகமே இல்ல. எவனாவது எடுத்திருக்கோமா? எடுத்தா செக்யூரிட்டி வந்து கேமராவைப் புடுங்குவார், மறுநாள் ஹெச்ஆர் கூப்புடுவாங்க. அடுக்குமாடில எதிர் பால்கனில துணி காயப் போடற ஆன்ட்டியை எடுத்து 'காத்திருப்பு'ன்னு போட்டா போலீஸ் வரும். ஆக, நாம யாரை எடுக்கறோம்? திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களை மட்டும்தான். மத்த நுண்ணரசியல் எல்லாம் அப்புறம், மொதல்ல இதை ஒத்துக்கலாம்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல காசிமேடு போயிருந்தேன். போட்டோ வாக்னு சொல்லிக்கிட்டு ஒரு குழு வந்திருந்துச்சு, பதினஞ்சு இருபது பேர். கூடைல வஞ்சிரத்தை அடுக்கி வெச்சுக்கிட்டு ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. நல்ல முகம், பெரிய மூக்குத்தி, பின்னாடி மஞ்ச பல்பு வெளிச்சம். அவ்வளவுதான், ரவுண்டு கட்டிட்டாங்க. மீன் வாங்க வந்தவங்க கிட்டயே வர முடியல. அந்தக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒரு கத்து கத்தினாங்க: "யோவ், மீன் வாங்கறதுன்னா கிட்ட வா, இல்லன்னா நவுரு. என் மூஞ்சியப் புடிச்சுக்கினு போயி இன்னா கொழம்பா வெக்கப் போற?"

கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒருத்தர் இல்ல. நாலஞ்சு பேர் அந்தக் கோவத்தையும் க்ளிக் பண்ணாங்க. ஒருத்தர் 'செம எக்ஸ்பிரஷன் பாஸ்'னு என்கிட்ட ஸ்க்ரீனை வேற காட்டினார். எனக்கு வயித்தைப் புரட்டுச்சு.

கொஞ்சம் கணக்கு போடுவோம் (இன்ஜினியரிங் படிச்சது இதுக்காவது உதவட்டும்). நம்மள்ல நெறைய பேர் வெச்சிருக்கற ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுல 50 எம்எம் லென்ஸைப் போட்டு, ஒருத்தரோட முகமும் தோளும் ஃப்ரேமை நிரப்பணும்னா அவர்கிட்டேர்ந்து சுமார் 5 அடி தூரத்துல நிக்கணும். அதே ஃப்ரேமை 300 எம்எம்ல எடுத்தா கிட்டத்தட்ட 30 அடி. 5 அடிங்கறது பேசற தூரம். வணக்கம் சொல்லாம அந்த எடத்துல நிக்க முடியாது, நின்னா அடி விழும். 30 அடிங்கறது ஒளிஞ்சு நிக்கற தூரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை மறைவு. இனிமே எவராவது மனுஷங்களை எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்னு கேட்டா, 50ஐ வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். விலையும் கம்மி, வெக்கமும் வரும்.

300, 400 எல்லாம் பறவைக்கு. அதுல பாருங்க, பறவை எடுக்கறவங்ககிட்ட ஒரு கட்டுப்பாடு இருக்கு. கூட்டுல முட்டையோட, குஞ்சோட இருக்கற பறவையை எடுக்கக் கூடாது. நம்ம நாட்டுல பல போட்டிகள்ல, குழுக்கள்ல கூட்டுப் படத்தைச் சேர்த்துக்கறதே இல்ல. தாய்ப் பறவை மிரண்டு கூட்டை விட்டுப் போயிடும்ங்கறதுதான் காரணம். பதிவு பண்ண குரலைப் போட்டுக் காட்டிப் பறவையைக் கூப்பிட்டாலும் திட்டு விழும். ரொம்பச் சரி, கை தட்டறேன். ஆனா காலைல இவ்வளவு தர்மம் பேசற அதே ஆள், திரும்பற வழியில ரோட்டோரம் குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கற பொண்ணைப் பார்த்தா லென்ஸைக் கூட மாத்தறதில்ல. பறவைக்கு இருக்கற மரியாதை மனுஷிக்கு இல்லியா சாமி?

இதைக் கேட்டா ஒரு பதில் ரெடியா இருக்கும். "கேட்டா இயல்பு போயிடும் தல. கேண்டிட்னா அப்படித்தான். பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் எடுத்தாங்க."

சரி, பெரிய ஆளுங்களையே பார்ப்போம். 1936ல கலிஃபோர்னியாவுல, நிப்போமோங்கற ஊர்ல பட்டாணி பறிக்கிற கூலித் தொழிலாளிங்க முகாம்ல டொரோத்தியா லாங் எடுத்த படம், 'மைக்ரன்ட் மதர்'. உலகத்துலயே அதிகமா அச்சடிச்ச படங்கள்ல ஒண்ணு. எடுத்தவர் அந்தம்மா பேரைக் கூடக் கேக்கல. படம் பேப்பர்ல வந்து முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தப்ப, அந்தக் குடும்பம் வேற ஊருக்குப் போயாச்சு. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்ங்கற பேர் வெளிய தெரிஞ்சது 1978ல, 42 வருஷம் கழிச்சு. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம்னு அவங்க சொன்னாங்க, ஒரு பைசா கூட வரலன்னும் சொன்னாங்க. (லாங் அப்ப அரசாங்கச் சம்பளத்துல இருந்தவர், அவருக்கும் படத்தால ராயல்டி கிடையாது. அதையும் சொல்லிடறேன்.) 1983ல தாம்சன் உடம்பு சரியில்லாம கெடந்தப்ப, முன்பின் தெரியாத ஜனங்க பணம் அனுப்பினாங்க. எப்படி அனுப்ப முடிஞ்சுது? பேர் தெரிஞ்சதால. பேரைக் கேக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் 1936ல?

அடுத்தது நேஷனல் ஜியோகிராஃபிக் 1985 ஜூன் அட்டைப் படம், பச்சைக் கண்ணோட அந்த ஆஃப்கான் பொண்ணு. ஸ்டீவ் மெக்கரி 1984ல பாகிஸ்தான்ல ஒரு அகதி முகாம்ல எடுத்தது. நம்மள்ல பாதிப் பேருக்குக் கேமரா வாங்கற ஆசையே அதைப் பார்த்துதான் வந்திருக்கும். 2002ல தேடிக் கண்டுபுடிச்சாங்க, அப்பதான் ஷர்பத் குலான்னு பேரே தெரிஞ்சுது. அது வரைக்கும் அந்தப் படத்தை அவங்க பார்த்ததே இல்ல. உலகமே பார்த்துடுச்சு, உரியவங்க பார்க்கல. அது நல்ல படமா இல்லியான்னு நான் சண்டைக்கு வரல. ரெண்டுமே பிரமாதமான படங்கள். ஆனா 'பெரியவங்களே அப்படித்தான்'ங்கறதை ஒரு சாக்கா சொல்லாதீங்க, அவங்க விட்ட எடத்தைத்தான் நீங்க புடிச்சுக்கறீங்க.

அப்புறம் இந்தக் காசு விஷயம். "அந்த ஊரை டூரிஸ்ட்டுங்க கெடுத்துட்டாங்க, படம் எடுத்தா காசு கேக்கறாங்க"ன்னு ஒரு புலம்பல் அடிக்கடி காதுல விழுது. இலங்கைல தெக்குக் கரைல, கொக்கலை, வெலிகம பக்கம் கடல்ல கம்பு நட்டு, மேல உக்காந்து தூண்டில் போடற மீனவர்களை எல்லாரும் படத்துல பார்த்திருப்பீங்க. மெக்கரி 1995ல எடுத்த படம் ரொம்பப் பிரபலம். இப்ப அந்தக் கம்புல உக்காந்திருக்கறவங்கள்ல நெறைய பேர் நமக்காகத்தான் உக்காந்திருக்காங்க, எடுத்தா காசு கேப்பாங்க. உடனே நம்மாளுக்குக் கோவம் வருது, 'எல்லாம் போலி'ன்னு. என்னைக் கேட்டா, இருக்கறதுலயே நேர்மையான ஏற்பாடு அதுதான். மாடலுக்குச் சம்பளம் குடுக்கற மாதிரி. முக்கால் லட்சம் ரூபாய் லென்ஸைத் தோள்ல மாட்டிக்கிட்டு, உச்சி வெயில்ல கம்பு மேல உக்காந்திருக்கறவருக்குக் காசு குடுக்க மூக்கால அழறதுதான் அசிங்கம். போலி எங்க வருதுன்னா, காசு குடுத்து எடுத்துட்டு வந்து 'அழிந்துவரும் மீனவர் வாழ்க்கை'ன்னு போட்டிக்கு அனுப்பறப்ப.

கூவாகத்தைப் பத்திச் சொல்லாம விட முடியாது. சித்திரை பௌர்ணமி திருவிழால திருநங்கைங்க அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் காலைல தாலி அறுத்து, வளையல் ஒடைச்சு, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வெக்கறாங்க. நான் போயிருந்தப்ப, அழுத முகத்துக்கு ஒரு முழம் தூரத்துல லென்ஸ். கூட்டத்துல ஒருத்தர் "இந்தப் பக்கம் பார்த்து அழுங்க மேடம்"னு சொன்னதை என் காதால கேட்டேன். நான் அதுக்கப்புறம் கேமராவைப் பைக்குள்ள வெச்சு ஜிப்பை மூடிட்டேன். வீட்ல சாவு விழுந்தா வாசல்ல நின்னு எவனாவது அப்படிச் சொன்னா என்ன பண்ணுவோம்?

சட்டத்துல தப்பில்லியேன்னு சிலர் சொல்றாங்க. நம்ம ஊர்ல பொது எடத்துல நிக்கற ஒருத்தரை எடுக்க அனுமதி வாங்கியே ஆகணும்னு பொதுவான சட்டம் கிடையாதுதான். தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிங்க சொன்னது தெருவோரக் கிழவி வரைக்கும் இன்னும் வந்து சேரல. ஜெர்மனில 1907லயே சட்டம் வந்தாச்சு, ஒருத்தர் படத்தை வெளியிட அவரோட சம்மதம் வேணும்னு. அது வந்த கதை சுவாரசியம். 1898ல பிஸ்மார்க் செத்தப்ப ரெண்டு போட்டோக்காரங்க ராத்திரில வீட்டுக்குள்ள நுழைஞ்சு பொணத்தைப் படம் புடிச்சுட்டாங்க. கோர்ட்டுக்குப் போச்சு, பெரிய ரகளை, அதுலேர்ந்துதான் சட்டத்துக்கே வழி பொறந்துது. பிஸ்மார்க் பொணத்துக்குக் கெடைச்ச மரியாதை நம்ம ஊர்ல உயிரோட இருக்கற ஆளுக்குக் கெடைக்கல. அந்தச் சட்டத்துலயே ஊர்வலம், கூட்டம், செய்திக்கெல்லாம் விலக்கும் உண்டு. போலீஸ் லத்தியை ஓங்கறப்ப "சார் எடுத்துக்கட்டுமா"ன்னு கேக்கச் சொல்லி நானும் சொல்லல. அதிகாரத்துல இருக்கறவங்களை எடுக்க அனுமதி எதுக்கு? தாராளமா எடுங்க. அதுக்குத்தான் நம்மள்ல ஒருத்தரும் போறதில்ல.

சரி, கேட்டா என்ன ஆகும்? என் அனுபவத்துல பத்துப் பேருக்கு ஏழெட்டுப் பேர் சரின்னுதான் சொல்றாங்க. பிரச்சினை அங்க இல்ல. அவங்க கேக்கற படம் நமக்குப் புடிக்காது, அதுதான் பிரச்சினை.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போயிருந்தப்ப ஒரு ஆயா ஏரில எறங்கி, ஓலைப் பையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, சேத்தைக் கையால தடவி எறா புடிச்சுக்கிட்டிருந்தாங்க. கேட்டேன். சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கன்னாங்க. எடுத்து, கரைக்கு வந்ததும் ஸ்க்ரீன்ல காட்டினேன். உத்துப் பார்த்துட்டு, "ஐய, இது வேணாம் கண்ணு. சேறும் சகதியுமா... யாருக்கும் காட்டாத. இரு, வரேன்"னு போனாங்க. முக்கா மணி நேரம். வெளிச்சம் போயிடுச்சு. குளிச்சு, தலை வாரி, ஜரிகை வெச்ச புடவை கட்டி, மகளோட செருப்பை மாட்டிக்கிட்டு வந்து, நீல சுவத்துக்கு முன்னாடி கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு விறைப்பா நின்னாங்க. "கால் தெரியணும். நேரா எடு. மாலை போடறதுக்கு ஆவும்ல?"

கம்போசிஷன் புத்தகம் எதுவும் ஒத்துக்காத படம். நட்ட நடுவுல ஆள், ஃப்ளாட் லைட், கண்ணு நேரா லென்ஸுல. நம்ம பழைய ஸ்டுடியோ படங்கள் எல்லாமே அப்படித்தானே? பக்கத்துல ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் பூ, விறைச்ச முதுகு. நாம அதைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருக்கோம். எங்க பாட்டி செத்தப்ப மாலை போட ஒரு தனிப் படம் இல்ல. சித்தப்பா கல்யாணக் குரூப் போட்டோலேர்ந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெருசு பண்ணினோம். காதோரம் யாரோட தோளோ இன்னிக்கும் தெரியும். விறைப்பா நின்னு ஒரு படம் எடுத்துக்கறதுக்குப் பின்னாடி இதெல்லாம் இருக்கு.

இப்ப எல்லார் கைலயும்தான் போன் இருக்கே, அவங்களே எடுத்துப்பாங்களேன்னு கேப்பீங்க. போன் தண்ணில விழும், மெமரி ரொம்பும், பேரன் கேம் போடறதுக்காக அழிப்பான். சுவத்துல மாட்டினது நிக்கும். 4x6 பிரின்ட் ஒண்ணு போட ஒரு டீ, வடை காசுதான். போன்ல வேணும்னா இன்னும் சுலபம், நம்பர் வாங்கி வாட்ஸ்அப்ல அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. முன்னெல்லாம் ஃபிலிம் கழுவணும், தபால் போடணும்னு சாக்கு இருந்துது. இன்னிக்கு என்ன சாக்கு?

சேத்துல எடுத்த அந்தப் படம் என் ஹார்டு டிஸ்க்ல இருக்கு. நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான்னு கொஞ்சம் திமிராவே சொல்லுவேன். தண்ணில சாயங்கால வெளிச்சம், பல்லுல ஓலைப்பை, நேரா பார்க்கற கண்ணு. இங்க போட மாட்டேன். எங்கயும் போட மாட்டேன். அழிக்கச் சொல்லல, காட்டாதன்னாங்க. அவ்வளவுதான்.

விறைப்புப் படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு, ஃப்ரேம் பண்ணிக் கொண்டு போய்க் குடுத்தேன். ஆயா கால் தெரியுதான்னுதான் மொதல்ல பார்த்தாங்க. அதைப் பார்த்துட்டு அந்தத் தெருவுலேயே இன்னும் மூணு வீட்டுல நிக்க வெச்சு எடுக்கச் சொல்லிட்டாங்க. பிரின்ட் ரெடி, வீடு வீடா தனித்தனிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன். எனக்கு இந்த மாசம் ரிலீஸ், சனி ஞாயிறும் ஆணி. அந்தப் பக்கம் பூநாரைக்குப் போறவங்க யாராவது இருந்தா ஒரு மெயில் தட்டுங்க, கவரைக் கொண்டாந்து குடுத்துடறேன்.